எந்த மூக்குக்கு எந்த அறுவை?

சியோல் நகரத்தில் ஓர் இளம்பெண் மருத்துவர் முன் உட்கார்ந்து, தன் மூக்குத்தண்டைச் சற்று உயர்த்தித் தரும்படி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். டெஹ்ரானில் அதே வயதுப் பெண் ஒருத்தி, தன் மூக்குத்தண்டில் புடைத்து நிற்கும் மேட்டைத் தணிக்கச் சொல்கிறாள். நைஜீரியாவின் லாகோஸில் பிறந்து லண்டனில் வாழும் ஓர் இளைஞருக்குத் தண்டைப் பற்றிக் கவலையே இல்லை. மூக்கு மடல்கள் அகன்றிருப்பதுதான் மனத்தை உறுத்துகிறது. மூவருக்கும் நடக்கப்போகும் அறுவைக்கு மருத்துவமனைப் பலகையில் ஒரே பெயர்தான் இருக்கும்: ரைனோபிளாஸ்டி. மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், வடிவம் கொடுப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்து உண்டான பெயர் அது.

பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முதல் பெண்ணுக்குக் குருத்தெலும்பைச் சேர்க்க வேண்டும். இரண்டாம் பெண்ணுக்கு எலும்பைச் சீவ வேண்டும். மூன்றாமவருக்குத் தண்டைத் தொடாமலே மடலின் அடியில் சிறு துண்டை எடுத்துத் தைத்தால் போதும். சேர்ப்பதும் சீவுவதும் எதிரெதிர் வேலைகள். ஒருவருக்குச் செய்ததை அப்படியே இன்னொருவருக்குச் செய்தால் முகம் கெடும், சில நேரம் மூச்சும் கெடும்.

மரபுவழி முக அமைப்பை மனத்தில் வைத்துச் செய்யும் இந்தச் சீரமைப்பை மருத்துவ உலகம் ‘எத்னிக் ரைனோபிளாஸ்டி’ என்று அழைக்கிறது. எனக்கு அந்தப் பெயர் உவப்பானதாக இல்லை. ஐரோப்பியரின் மூக்கைச் சீரமைத்தால் வெறும் ரைனோபிளாஸ்டி. உலகின் மற்ற எல்லோருக்கும் முன்னால் ஓர் அடைமொழி. மனித குலத்தின் பெரும்பகுதியை ‘மற்றவர்கள்’ என்று ஓரமாக உட்கார வைக்கும் சொல் அது. ஆனால் அதற்குள் இருக்கும் கருத்து மிகவும் தேவையானது. அதைப் புரிந்துகொள்ள முதலில் மூக்கு எதனால் ஆனது என்று பார்ப்போம்.

பந்தலும் விரிப்பும்

மூக்கை ஒரு பந்தலாக நினைத்துக்கொள்ளுங்கள். கழிகள் இருக்கின்றன, மேலே ஒரு விரிப்பு இருக்கிறது. கண்களுக்கு நடுவே தொட்டுப் பாருங்கள், அசையாது. மூக்கின் மேல்பகுதி எலும்பு. விரலைக் கீழே இறக்கினால் ஓரிடத்தில் கடினம் குறைந்து வளைந்து கொடுக்கும். அங்கே குருத்தெலும்பு தொடங்குகிறது. உள்ளே இரண்டு துவாரங்களையும் பிரித்து நிற்கும் நடுச்சுவர்தான் பந்தலின் நடுக்கால். மூக்கு நுனிக்கு உருவம் தருபவை, லாடம் போல் வளைந்த இரண்டு சிறு குருத்தெலும்புகள். இவற்றின் மேல் தசை, கொழுப்பு, எண்ணெய்ச் சுரப்பிகள், தோல் ஆகியவை சேர்ந்த விரிப்பு.

மெல்லிய வேட்டியைக் கழிகளின் மேல் விரித்தால் கழியின் ஒவ்வொரு கணுவும் முண்டும் வெளியே தெரியும். அதே கழிகளின் மேல் ஜமுக்காளத்தை விரித்தால் எதுவும் தெரியாது. எல்லாம் மழுங்கி, உருண்டு, ஒரே மேடாகத் தெரியும். மூக்குச் சீரமைப்பைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். வட ஐரோப்பியர் பலருக்கு மூக்குத் தோல் மெல்லியது. கிழக்காசியர், ஆப்பிரிக்கர், மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்கள், லத்தீன் அமெரிக்கர், தென்னிந்தியர் எனப் பெருந்தொகையான மக்களிடம் தடித்த தோல் பரவலாகக் காணப்படுகிறது.

தோல் தடித்திருந்தால் என்ன ஆகும்? மூக்கு பெரிதாக இருக்கிறது, கழிகளை வெட்டிச் சிறிதாக்கினால் மூக்கும் சிறிதாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மெல்லிய தோலில் ஓரளவுக்கு அப்படி நடக்கவும் செய்யும்; சட்டகம் சுருங்கினால் தோலும் அதோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த தோல் அப்படிச் சுருங்குவதில்லை. கழிகள் குட்டையாகிவிட்டன, ஜமுக்காளம் பழைய அளவிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உண்டாகும் வெற்றிடத்தில் ரத்தமும் நீரும் தேங்கி, பிறகு வடுத்திசு வளர்ந்து நிறைக்கிறது. சிறிய கூரான மூக்கை எதிர்பார்த்துப் போனவர், முன்பைவிட உருண்டையான, வடிவமற்ற மூக்கோடு திரும்புகிறார்.

அதனால் தடித்த தோல் உள்ளவர்களுக்கு நல்ல மருத்துவர் செய்வது நேர்மாறான வேலை. கழிகளைக் குறைக்காமல் வலுவாக்குவார். நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ எடுத்த குருத்தெலும்பை முட்டுக்கொடுத்து, நுனியைச் சற்று முன்னே தள்ளி, விரிப்பை இழுத்துக் கட்டுவார். கால்களை உறுதியாக ஊன்றி விரிப்பை விறைப்பாக இழுத்துவிட்டால் தொங்கிய பந்தல் கூடக் கச்சிதமாகத் தெரியும் அல்லவா? அதே கணக்குதான். மூக்கின் அளவு குறையாமலே அது சிறியதாகவும் தெளிவாகவும் தோன்றும்.

ஏன் இத்தனை வடிவங்கள்?

மூக்கு நுரையீரலின் வாசல். வெளிக்காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்புவது அதன் தலையாய வேலை. குளிரும் வறட்சியும் மிகுந்த இடங்களில் குறுகிய மூக்கு உதவுகிறது. உள்ளே போகும் காற்று சளிச்சவ்வை அதிகமாக உரசிக்கொண்டு போவதால் சூடும் ஈரமும் ஏறுகின்றன. வெப்பமும் ஈரமும் ஏற்கெனவே உள்ள இடங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்கா, கிழக்காசியா, தெற்காசியா, வட ஐரோப்பா ஆகிய நான்கு பகுதிகளின் மரபைச் சேர்ந்தவர்களின் மூக்குகளை முப்பரிமாணப் படங்களில் அளந்தார்கள். மூக்குத் துவாரங்களின் அகலம், மூதாதையர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் காற்றின் ஈரப்பதத்தோடும் ஒத்துப்போவதைக் கண்டார்கள். நம் அகன்ற மூக்கு, நம் முன்னோர் சுவாசித்த காற்றின் பதிவு. அதைக் குறைபாடு என்று சொல்ல இயற்கையில் எந்த ஆதாரமும் இல்லை.

குறைபாடு என்று சொல்லத் தொடங்கியவர்கள் மனிதர்கள். அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மூக்கை அளந்தவர்கள்

மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீட்டெண். 70க்குக் கீழே இருந்தால் குறுகிய மூக்கு, 85க்கு மேல் போனால் அகன்ற மூக்கு, நடுவில் உள்ளவை இடைநிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மானிடவியலாளர்கள் உருவாக்கிய இந்தக் கணக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் அதிகாரியாக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி சாதியோடு முடிச்சுப் போட்டார். மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு தாழ்ந்த சாதி என்பது அவருடைய கோட்பாட்டின் சாரம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியா முழுவதும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய் மக்களின் மூக்கை அளந்தார். எழும்பூரில் அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தவர்களும் தப்பவில்லை. நம் பாட்டன் பூட்டன் தலைமுறையின் மூக்குகள் அந்த அட்டவணைகளில் எண்களாக இருக்கின்றன.

அந்தக் கோட்பாடு நிற்கவில்லை. சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே 1932இல் அதே அளவுகளை மாகாணவாரியாகப் பிரித்துப் பார்த்து, ரிஸ்லி சொன்ன ஒழுங்கு பெரும்பாலான இடங்களில் இல்லை என்று காட்டினார். 1948இல் அம்பேத்கர் தம் நூலில் அந்த அளவுகளையே எடுத்து, பிராமணர்களும் தீண்டாமைக்கு ஆளானவர்களும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். ஆனாலும் ‘எடுப்பான மூக்கு’, ‘சப்பை மூக்கு’ என்று நாம் பேசும்போது அந்தப் பழைய அளவுகோலின் நிழல் இன்னும் நம் பேச்சில் விழுந்துகொண்டிருக்கிறது. அறுவைக்குப் போகும் ஒருவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது என்று நினைக்கிறேன். தன் விருப்பம் எது, பிறர் தன் தலையில் ஏற்றிய விருப்பம் எது என்று பிரித்துப் பார்க்க இது உதவும்.

அறுவையின் வரலாறோ வேறு இடத்தில் தொடங்குகிறது. பழைய இந்தியாவில் மூக்கை அறுப்பது ஒரு தண்டனை. அவமானப்பட்டவரை ‘மூக்கறுபட்டான்’ என்று நாம் இன்றும் சொல்வதில் அந்தக் கொடுமையின் நினைவு இருக்கிறது. அறுபட்ட மூக்கை மீண்டும் அமைக்கும் முறையைப் பழங்கால மருத்துவர் சுசுருதர் விவரித்திருக்கிறார். இழந்த பகுதியின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அதே அளவில் கன்னத் தோலைப் பெயர்த்து, ஒரு முனை கன்னத்தோடு ஒட்டியிருக்க மறுமுனையை மூக்கின் மேல் பொருத்தி, மூச்சுக்காக இரண்டு சிறு குழாய்களைச் செருகுவது அந்த முறை.

இந்தக் கலை நாட்டு வைத்தியர்களின் கையில் நூற்றாண்டுகளாக உயிரோடு இருந்தது. ஆங்கிலேயப் படைக்கு வண்டி மாடு ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர் 1792 போரில் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனேக்கு அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் மெழுகில் மூக்கு செய்து அளவு பார்த்து, நெற்றித் தோலைத் திருப்பி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். அக்டோபர் 1794இல் லண்டன் இதழ் ஒன்றில் இந்தச் செய்தி படத்தோடு வெளியானது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் அதைச் செய்து காட்டினார். நெற்றித் தோலால் மூக்கமைக்கும் முறையை இன்றும் உலகம் முழுவதும் புற்றுநோயால் மூக்கிழந்தவர்களுக்குச் செய்கிறார்கள். அந்தச் செங்கல் தொழிலாளியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இழந்த மூக்கை மீட்பதிலிருந்து, இருக்கும் மூக்கை மாற்றுவதற்கு அறுவை எப்போது நகர்ந்தது? 1887இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்தில் ஜான் ஆர்லாண்டோ ரோ என்ற மருத்துவர், குட்டையாக மேல்நோக்கி நிற்கும் மூக்கை உள்வழியாகவே திருத்தும் முறையை வெளியிட்டார். அந்த மூக்கு அப்போது அயர்லாந்துக் குடியேறிகளின் அடையாளமாகக் கேலி செய்யப்பட்டது. 1898இல் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற மருத்துவர், பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். அவர் யூதர்; யூதராக அடையாளம் காணப்படுவதால் வரும் இழிவிலிருந்து தப்ப நினைத்த யூதர்கள் பலர் அவரை நாடினார்கள். அவர் வடிவமைத்த கருவிகள் இன்றும் அறுவை அரங்குகளில் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. ஆக, அழகுக்கான மூக்கு அறுவை பிறக்கும்போதே ‘எங்களை வேறாகப் பார்க்காதீர்கள்’ என்ற வலியோடுதான் பிறந்தது.

அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஒரே வார்ப்புதான். மூக்கின் அகலம் இரு கண்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பன போன்ற ஐரோப்பிய ஓவியர்களின் பழைய விதிகளே மருத்துவ நூல்களில் ஏறின. கனடாவில் பணியாற்றிய மருத்துவர் லெஸ்லி ஃபார்காஸ் பிற்காலத்தில் பல நாட்டு முகங்களைப் பொறுமையாக அளந்து, அந்த விதிகள் பெரும்பாலான மக்களுக்குப் பொருந்தவில்லை என்று காட்டினார். ஐரோப்பியரிலேயே பலருக்குப் பொருந்தவில்லை.

உயர்த்துவது

கிழக்காசியாவில் மூக்குத்தண்டை உயர்த்துவதுதான் அதிகம் கேட்கப்படுவது. இதில் சிக்கல், எதை வைத்து உயர்த்துவது என்பது. நடுச்சுவரிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுக்கலாம். ஆனால் பந்தலின் நடுக்கால் விழுந்துவிடாமல் மேல்புறமும் முன்புறமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைக்க வேண்டும். பலருக்கு நடுச்சுவரே சிறியது. விட்டுவைத்தது போக மிஞ்சுவது போதாது.

அதனால் அந்நாடுகளில் சிலிகான் துண்டு பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. வேலை விரைவில் முடியும், உடம்பில் வேறெங்கும் வெட்ட வேண்டாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். மறுபக்கமும் இருக்கிறது. சிலிகான் உடம்போடு கலப்பதில்லை; அதைச் சுற்றி உடல் ஓர் உறையை மட்டும் கட்டிக்கொள்கிறது. ஆண்டுகள் கழிந்த பிறகும் தொற்று வரலாம். நுனிவரை நீளும் துண்டாக இருந்தால் அது தோலை உள்ளிருந்து அழுத்தி மெலியவைத்து, சிலருக்கு வெளியே துருத்திக்கொண்டு வந்துவிடும். அந்த உறை இறுகிச் சுருங்கினால் மூக்கு குட்டையாகி மேல்நோக்கி இழுபடும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடப் பல மடங்கு கடினம்.

மாற்று வழி, சொந்த உடம்பிலிருந்தே எடுப்பது. காதின் குருத்தெலும்பு வளைந்தது, சிறிது. நுனிக்கு உதவும், தண்டுக்குப் போதாது. விலா எலும்பின் குருத்து தாராளமாகக் கிடைக்கும். மார்பில் சில சென்டிமீட்டர் தழும்பு ஏற்படும், சில நாள் வலி இருக்கும், வைத்த துண்டு காலப்போக்கில் வளைந்துவிடவும் கூடும். வளையாமல் இருக்க, குருத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, காதுக்கு மேலே தலைத்தோலின் அடியில் இருக்கும் மெல்லிய சவ்வில் பொதிந்து வைக்கும் முறையும் இருக்கிறது. எனக்கு வேண்டியவர் யாராவது கேட்டால், வலியைப் பொறுத்துக்கொண்டாவது சொந்தக் குருத்தெலும்பின் பக்கம் போகச் சொல்வேன். இருபத்தைந்து வயதில் வைப்பது எழுபது வயது வரைக்கும் இருக்க வேண்டும்.

தணிப்பது

மூக்கு அறுவை மிக அதிகமாக நடக்கும் நாடுகளில் ஒன்றாக ஈரான் பேசப்படுகிறது. மூக்கில் கட்டோடு டெஹ்ரான் தெருக்களில் நடப்பவர்கள் அங்கே யாருக்கும் புதிய காட்சி இல்லை. உயர்ந்த தண்டு, நடுவில் ஒரு மேடு, சிரித்தால் கீழே இறங்கும் நுனி, மேலே தடித்த தோல் என்பது அந்தப் பகுதியில் அடிக்கடி காணப்படும் அமைப்பு.

மேட்டைச் சீவுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த மேடு வெறும் புடைப்பு இல்லை. மூச்சுக் காற்று போகும் பாதையின் கூரை. அதை அளவுக்கு மேல் எடுத்தால் பக்கச் சுவர்கள் உள்ளே சரிந்து, பாதையின் மிகக் குறுகிய இடம் இன்னும் குறுகிவிடும். முகம் அழகாகத் தெரியும், இரவில் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்க முடியும். 1984இல் ஜாக் ஷீன் என்ற அமெரிக்க மருத்துவர், நடுச்சுவரின் இரு பக்கமும் மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளைச் செருகிப் பாதையை விரித்து வைக்கும் முறையை வெளியிட்டார். அது இன்று உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. மேட்டைச் சீவாமல், அடியிலிருந்து சிறிது எடுத்துத் தண்டையே கீழிறக்கும் பழைய உத்தி ஒன்றும் அண்மைக் காலத்தில் புதிய மதிப்போடு திரும்பியிருக்கிறது.

இங்கேயும் ஜமுக்காளக் கதைதான். தடித்த தோலின் கீழே தண்டை அதிகமாகத் தாழ்த்தி, நுனிக்கு முட்டுக் கொடுக்காமல் விட்டால், நுனிக்குச் சற்று மேலே வடுத்திசு திரண்டு வளைந்து நிற்கும். மருத்துவர்களே அதற்குக் கிளி அலகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிளிமூக்கு வேண்டாம் என்று போனவருக்கு மருத்துவம் தந்த கிளிமூக்கு.

ஆப்பிரிக்க மரபினரின் மூக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அடிப்படை மேலே சொன்னதுதான்: தடித்த தோல், மென்மையான குருத்தெலும்பு, ஆகவே வலுவூட்டல். தனியாகக் கவனிக்க வேண்டியது மடல்களைக் குறுக்கும் வெட்டு. மடல் கன்னத்தோடு சேரும் மடிப்பிலேயே தழும்பு ஒளிந்துகொள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அதிகமாக எடுத்துவிட்டால் திருப்பி வைக்க வழியில்லை. அதனால் இதைக் கடைசியில், நுனியைச் சரிசெய்து முடித்த பிறகே செய்வார்கள். நுனி உயர்ந்ததும் மடல்கள் தாமே சற்றுக் குறுகிவிடுவதுண்டு. காதிலோ மார்பிலோ மேடுதட்டிய கெலாய்டு தழும்பு வந்த வரலாறு இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் வீட்டு மூக்குகள்

தெற்காசிய மூக்கு என்று ஒரே வார்ப்பு கிடையாது. காஷ்மீரிலிருந்து யாழ்ப்பாணம் வரை போகாமல், ஒரே குடும்பத்தின் திருமண ஆல்பத்தைப் புரட்டினாலே போதும். பெரியப்பாவுக்கு மேடு விழுந்த நீண்ட மூக்கு, அத்தைக்கு உருண்ட நுனி, அக்காவுக்கு இரண்டும் கலந்து. ஆகவே ‘இந்திய மூக்குக்கு இந்த அறுவை’ என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மரபு ஒரு தொடக்கக் குறிப்பு மட்டும். அறுவை நடக்கப்போவது ஒரு தனி ஆளின் தோல், எலும்பு, குருத்தின் மேல்.

தமிழ்ப் புலவர்கள் பெண்ணின் மூக்கை எள்ளுப்பூவுக்கும் குமிழம்பூவுக்கும் ஒப்பிட்டார்கள். இரண்டும் மெல்ல வளைந்து வாய் விரிந்த பூக்கள். அந்த உவமைகளைச் சொன்னவர்களின் கண்ணில் அழகாகப் பட்ட மூக்கு, இன்றைய விளம்பரப் படங்களின் செதுக்கிய மூக்கிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கிறது.

நம்மவர்களுக்கென்று இரண்டு நடைமுறைச் செய்திகள். மூக்குத்தியை அறுவைக்கு முன் கழற்ற வேண்டும். ரத்தக்கசிவை மின்கருவியால் அடைக்கும்போது உலோகம் தீக்காயம் உண்டாக்கலாம். மடலைக் குறுக்கினால் மூக்குத்தித் துளை இருக்கும் இடமும் நகரும் என்பதால், மீண்டும் அணிய விரும்புகிறவர் அதை முன்பே சொல்ல வேண்டும். இரண்டாவது, மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் காயம் ஆறும்போது கறுத்துப்போகலாம். அது பெரும்பாலும் மாதங்களில் மங்கும், வெயில் பட்டால் தாமதமாகும்.

முடிவெடுக்கும் முன்

தங்கள் மூக்கு பெரிதென்று கைப்பேசியில் எடுத்த செல்ஃபியைப் பார்த்து முடிவு செய்பவர்கள் இன்று அதிகம். முகத்துக்கு 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பாகம் உண்மையைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் அந்தக் கோளாறு இல்லை. முதலில் யாரையாவது ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

வளர்ச்சி முடியும் முன் மூக்கைத் தொடக் கூடாது. பெண்களுக்கு ஏறக்குறைய 15, 16 வயது, ஆண்களுக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள். கண்ணாடி முன் நாளெல்லாம் நின்று, பிறர் கண்ணுக்கே தெரியாத குறையை நினைத்துப் புழுங்குபவருக்குக் கத்தி உதவாது; மனநல மருத்துவரின் உதவிதான் முதலில் வேண்டும். பொறுப்புள்ள அறுவை மருத்துவர் இதைக் கேட்டறிந்து, தேவைப்பட்டால் மறுத்துவிடுவார். அப்படி மறுப்பவரை நம்பலாம்.

கத்தியே வேண்டாம், ஊசி போதும் என்று அழகு நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. ஊசியால் நிரப்பும் ஜெல் தண்டை உயர்த்தும் என்பது உண்மை. ஆனால் மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புடையவை. ஜெல் தவறிக் குழாய்க்குள் நுழைந்தால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். முகத்தில் ஊசி போடுவதில் மிக ஆபத்தான இடங்களில் மூக்கும் ஒன்று. மருத்துவப் பட்டம் இல்லாதவர் கையில் மூக்கைக் கொடுக்காதீர்கள். அறுவை என்றால் பிளாஸ்டிக் சர்ஜரியிலோ காது மூக்கு தொண்டை மருத்துவத்திலோ மேற்படிப்பு முடித்து, மூக்குச் சீரமைப்பைத் தொடர்ந்து செய்துவருபவராக இருக்க வேண்டும்.

அறுவை இரண்டு வழிகளில் நடக்கிறது. துவாரத்தின் உள்ளேயே வெட்டிச் செய்வது ஒன்று. இரு துவாரங்களுக்கு நடுவே உள்ள சிறு தூணில் குறுக்கே கீறி, தோலைத் தூக்கி, கழிகளைக் கண்ணால் பார்த்தபடியே செய்வது இன்னொன்று. குருத்தெலும்பு ஒட்டுகள் அதிகம் தேவைப்படும் தடித்த தோல் மூக்குகளுக்குப் பலரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கத்தில், சில மணி நேரம் நடக்கும். ஒரு வாரம் மூக்கின் மேல், அதை அசையாமல் பிடித்து வைக்கும் அச்சுக்கட்டு இருக்கும். கண்ணைச் சுற்றிய கருநீலம் இரண்டு வாரத்தில் வடியும். இந்தியாவில் அழகுக்காக மட்டும் செய்வதை மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை.

வீக்கத்தைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. மெல்லிய தோலில் முழுவதும் வடிய ஓராண்டு. தடித்த தோலில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கூட ஆகலாம், அதிலும் நுனி கடைசியில்தான் தெளியும். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பு அறுவை செய்துகொண்டு மணமேடைக்குப் போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள், புகைப்படங்களில் வீங்கிய மூக்கோடுதான் இருப்பார்கள். மூன்றாம் மாதம் கண்ணாடியைப் பார்த்துப் பதறி மறு அறுவைக்கு ஓடக் கூடாது. மறு அறுவை தேவைப்படுபவர்கள் எங்கும் உண்டு. அதற்குக் குறைந்தது ஓராண்டாவது காத்திருக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நடிகையின் படத்தோடு, அம்மாவின் படத்தையும் தாத்தாவின் படத்தையும் எடுத்துப் போங்கள். எது மாற வேண்டும் என்று சொல்வதைப் போலவே, எது மாறக் கூடாது என்றும் சொல்லுங்கள். ‘மூக்கு அப்பாவைப் போல’ என்று பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அந்தச் சாயல் முழுவதும் போய்விட்ட பிறகுதான் அதன் அருமை தெரியவரும். கணினியில் காட்டும் மாதிரிப் படம் ஒரு பேச்சுக்கு மட்டுமே; தோல் அந்தப் படத்துக்குக் கட்டுப்படாது.

அதே மருத்துவர் இதற்கு முன் அறுவை செய்தவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். உங்களைப் போன்ற தோலும் மூக்கும் உள்ளவர்களின் படங்களாக இருக்க வேண்டும், அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு எடுத்தவையாக இருக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் முன்பு வேறு வேறாக இருந்த மூக்குகள் எல்லாம் பின்பு ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்து, இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.